படமாக ஒட்டிய கணக்கு

எங்கள் பள்ளி அலுவலகத்தில் டைப்பிஸ்ட் அக்கா ஒருவர் இருக்கிறார். நான் பக்கத்து மேசைக் குமாஸ்தா. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். கணக்கு அடிக்க உட்கார்ந்தால் மூச்சு விடமாட்டார். ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து வினாத்தாள் தயாரிக்கும் இணையக் கோப்பில் ஒரு பின்னத்தை அடிப்பது லேசான வேலையா என்ன? சமன்பாட்டுப் பெட்டியைத் திறந்து மேலே ஒன்று, கீழே ஒன்று, அடுக்கு ஒன்று என்று அடிக்க வேண்டும். அம்புக்குறியை ஒரு தடவை கூடுதலாக அழுத்தினால் கர்சர் வெளியே ஓடிவிடும்.

அதனால் கணக்கு ஆசிரியர்கள் குறுக்குவழி பிடித்தார்கள். பழைய வினாத்தாளைப் போனில் படம் எடுத்துக் கோப்பில் ஒட்டிவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்பில் பார்வையில்லாத பெண் ஒருத்தி. அவளுடைய கம்ப்யூட்டர் தாளை வாசித்துக் காட்டும்; கணக்கு வந்ததும் "படம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். இருபது கேள்வி, இருபது படம். வேறு வழியில்லாமல் ஒரு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பார்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றார்.

"படத்தையெல்லாம் எடுத்துட்டு நானே அடிச்சுத் தர்றேன் சார்."

"ஒரு பொண்ணுக்காகவா? வாசிக்கத்தான் ஆள் போட்டிருக்கோமேம்மா."

"ஆள் வாசிச்சா அவங்க வேகம் சார். கம்ப்யூட்டர் வாசிச்சா அவ வேகம்."

சாருக்கு முகம் சுருங்கியது. அன்று மாலையே கோப்பில் அக்காவின் திருத்தும் உரிமை பறிபோனது. பார்க்கலாம், தொடக் கூடாது. பார்க்க விட்டால் நகலும் எடுக்கலாம் என்பது பாவம் சாருக்குத் தெரியாது. அக்கா நகல் எடுத்து, இரண்டு நாள் சாப்பாட்டு இடைவேளையில் இருபதையும் அடித்து, சார் உட்பட எல்லோருக்கும் தன் பெயரிலேயே அனுப்பிவைத்தார். ஒளிவு மறைவே கிடையாது. கணக்கு டீச்சரும் வகுப்புத் தேர்வுக்கு அதையே கொடுத்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். வெளியே காட்டிக்கொள்ளத்தான் தைரியம் இல்லை.

மதிப்பெண் வந்தது. அந்தப் பெண்ணுக்கு இருபதுக்கு ஒன்பது. சார் அக்காவையும் அந்தப் பெண்ணையும் அறைக்குக் கூப்பிட்டார். கையெழுத்து வாங்கும் சாக்கில் நானும் நுழைந்துவிட்டேன்.

"போன தடவை பதினாலு. நீங்க அடிச்சுக் கிழிச்ச லட்சணத்தைப் பாருங்க."

அக்கா வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டாள்.

"அந்தப் பதினாலு டீச்சரோடது சார். பாவம்னு விடையையும் சேர்த்தே வாசிச்சாங்க. இந்த ஒன்பதுதான் என்னோடது."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் குரல் இறங்கவில்லை.

"மிச்சம் பதினொன்னையும் அவளே வாங்குவா சார். அடுத்த தாளையும் நான்தான் அடிப்பேன்."