மாசி மாதத்துப் பச்சை

பொன்னியம்மாள் பிறந்தது சுண்ணாம்புக்குளத்தில். வாழ வந்தது ஏரிக்கரைத் தோணிரேவில். வந்த வருஷமே ஊரில் அவளுக்கு ஒரு பேர் கிடைத்துவிட்டது. தலையில் மீன்கூடையோடு ஒல்லாந்தர் கோட்டைச் சந்தைக்குப் போகிறவள், நடக்கிற நடையில் ஏரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இங்கே கலங்கல், அங்கே மழைத் தண்ணீர், அதோ கடல் தண்ணீர் ஏறுகிறது என்று சொல்லிவிடுவாள். தண்ணீரின் நிறம்தான் அவளுக்குக் கணக்கு. அவள் காட்டிய இடத்தில் வலை போட்டவர்கள் வெறுங்கையோடு திரும்பியதில்லை. ஆண்கள் யாரும் அவளை நேரே புகழ்ந்துவிடவில்லை. ஆனால் படகைத் தள்ளுவதற்கு முன்னால் அவள் கணவன் சின்னதம்பியிடம், "இன்னாபா, உன் பொஞ்சாதி எதுனா சொல்லுச்சா?" என்று கேட்பார்கள். குழந்தைகளைப் பெற்றுப் பெற்று மண்ணுக்குக் கொடுத்து, கடைசியில் ருக்கு ஒருத்தி மட்டும் தங்கிய அந்த வீட்டில், அவளுக்கு இருந்த ஒரே சொத்து அந்தக் கேள்விதான்.

அந்த வருஷம் ஐப்பசி மழை வரவில்லை. கார்த்திகையும் ஏமாற்றியது. மழைவெள்ளம் உள்ளிருந்து தள்ளினால்தான் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே முகத்துவாரம் திறந்திருக்கும். தள்ள வெள்ளமில்லை. கடல் மணலை அள்ளிப்போட்டு வாயை அடைத்துவிட்டது. புது மீன் உள்ளே வர வழியில்லாமல், இருந்ததைப் பிடித்துத் தின்றே தை மாதம் கழிந்தது.

பிறகு மாசி பிறந்தது. அப்படியொரு மாசியைத் தோணிரேவு பார்த்ததில்லை.

ஏரி உள்வாங்கிய இடமெல்லாம் உமிரிச் செடி படர்ந்து, குங்குமத்தைக் கொட்டியது போலச் சிவந்து கிடந்தது. அதன் ஓரத்தில் உப்புப் பூத்த வெள்ளை. அதற்கும் அப்பால் முழங்காலளவுத் தண்ணீரில் வானத்து நீலம் அசையாமல் நின்றது. ஆழம் குறைந்ததால் பூநாரைகள் எங்கெங்கிருந்தோ வந்து இறங்கின. அவை எழும்பும்போது இறக்கையின் அடிப்பக்கத்து ரோஜா நிறம் கரையிலிருந்தவர்களின் முகத்தில் அடித்தது. இலையெல்லாம் உதிர்த்துவிட்டு முள்முருக்கு மரங்கள் வெறும் பூவாக நின்றன. பூவரசு மஞ்சளாகப் பூத்து மாலையில் சிவந்து விழுந்தது. வேப்பம்பூ வாசனை பசித்த குடிசைகளுக்குள்ளும் புகுந்தது.

"பார்த்தியாடி பொன்னி, நாரைக்கெல்லாம் கல்யாணம். நமக்குத்தான் பந்தி இல்ல" என்றாள் பக்கத்து வீட்டுக் கஸ்தூரி. உமிரித் தழையைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டே சொன்னாள். வேகவைத்து உப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் அதைத் தின்னலாம். ஊரே அதைத்தான் தின்றது. ருக்குவுக்கு மட்டும் அது ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு ஊதி, கால் மெலிந்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே நேரம் எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கண்ணப்பன் வண்டி கட்டிக்கொண்டு வந்தான். பொன்னியம்மாளுக்குச் சித்தப்பா மகன். திருப்பாலைவனத்தில் ஒரு பெரிய பண்ணையில் ஏர் ஓட்டுகிறவன். பண்ணையில் ஆழக் கிணறு இருந்தது. குதிரில் நெல்லும் இருந்தது. மாடு மேய்க்கவும் சாணி தட்டவும் சிறுசுகள் வேண்டுமென்று பண்ணைக்காரர் சொல்லியிருந்தார்.

"ரெண்டு வேளை கூழு ஊத்துவாங்க, தங்கச்சி. மழை பேஞ்சதும் வந்து கூட்டிக்கோ. என் கண்ணு முன்னாலதானே இருக்கப்போவுது?" என்றான்.

பொன்னியம்மாள் சரி என்றாள். மறுநாள் விடியலில் ருக்குவோடு இன்னும் நாலைந்து வீட்டுப் பிள்ளைகளும் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். சின்னதம்பி மகளைத் தூக்கி வண்டியில் வைத்தான். "நைனா, நீயும் வாயேன்" என்றாள் அவள். அவன் நுகத்தடியைச் சரிபார்ப்பவன் போல அந்தப் பக்கம் போனான். பொன்னியம்மாளால் அங்கே நிற்க முடியவில்லை. முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கிழக்கே, மணல்திட்டை ஒட்டி, தண்ணீரில் பச்சையாக ஒரு பட்டை தெரிந்தது. இளநெல் நாற்றின் பச்சை. அதன் விளிம்பில் வெள்ளையாக நுரை. கடல் தண்ணீர் ஏரிக்குள் நுழையும்போது அப்படித்தான் இருக்கும். எத்தனை வருஷமாகப் பார்த்த பச்சை அது!

"மொகம் தொறந்துகிச்சு!" என்று கத்தினாள்.

சின்னதம்பி ஓடிவந்து பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள். "பொன்னியே சொல்லுதுன்னா அப்புறம் இன்னா?" என்று யாரோ சொன்னார்கள். ஒருவன் அழுதுகொண்டே வலையை உதறினான்.

தோணிரேவில் ஒரு கட்டு உண்டு. முகத்துவாரம் திறந்த செய்தி வந்துவிட்டால், முதல் வலை கரையேறும் வரை ஊரைவிட்டு ஒருவரும் வெளியே போகக்கூடாது. போகிறவர் பின்னாலேயே மீனும் போய்விடும் என்பார்கள். பெண்கள் தாங்களாகவே பிள்ளைகளை வண்டியிலிருந்து இறக்கினார்கள். பொன்னியம்மாள் ருக்குவை இடுப்பில் வாங்கிக்கொண்டாள். மாசிக் காற்றில் அவள் முகத்தில் சிரிப்பு வந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

"நல்லாப் பார்த்தியா, தங்கச்சி? மாட்டுக்கு இங்க ஒரு வாய் தண்ணி கிடையாது. சாயங்காலம் வரைக்கும் என்னால நிக்க முடியாது" என்றான் கண்ணப்பன்.

"நீ போண்ணா. மீன் வந்திரும். உனக்கே ஒரு கூடை கொண்டாறேன்."

வண்டி காலியாகப் போயிற்று.

ஆண்கள் படகைச் சேற்றில் இழுத்தும் தள்ளியும் கிழக்கே போய்ச் சேர உச்சிவேளையாகிவிட்டது. மணல்திட்டு அப்படியே கிடந்தது. ஒரு விரல் அகலத்துக்குக்கூட அது உடையவில்லை. பச்சையாகத் தெரிந்தது பாசி. தேங்கிச் சூடேறிய தண்ணீரில் கொழகொழவென்று பூத்திருந்தது. தெற்குக் காற்று உப்பு நுரையை அதன் ஓரத்தில் ஒதுக்கியிருந்தது. அவ்வளவுதான். ஏரி அத்தனை காலம் வாய் மூடிக் கிடந்ததை அவள் பிறந்த நாள் முதல் கண்டதில்லை. தேங்கிய ஏரிக்கும் அந்தப் பச்சை வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அந்தப் பட்டை ஏரிக்குள் ஏறி வராமல் ஒரே இடத்தில் நின்றதே, அதை அவள் பார்த்திருந்தாள். இன்னும் கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்திருக்கலாம். ருக்கு வண்டியில் இருந்தாள், பொறுக்க முடியவில்லை.

திரும்பி வந்தவர்கள் ஒருவரும் அவளைத் திட்டவில்லை. கஸ்தூரி மட்டும் தன் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "உன் பொண்ணை நீ அனுப்பாட்டி போ. என் புள்ளையை எதுக்குடி இறக்கவெச்ச?" என்றாள்.

மறுநாள் ருக்குவை முதுகில் சுமந்துகொண்டு திருப்பாலைவனத்துக்கு நடந்தாள். வழி நெடுக முருக்கம்பூ உதிர்ந்து பாதையே சிவப்பாகக் கிடந்தது. ருக்கு ஒரு பூ கேட்டாள். எடுத்துக் கொடுத்ததும் வாயில் வைத்து மென்றாள். பண்ணை வாசலில் வேறு ஊர்ப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "வெறும் வண்டியோட வந்தா ஏசுவாங்கன்னு வழியில ஏத்திக்கிட்டேன், தங்கச்சி. கேட்டுப் பார்த்துட்டேன். இனிமே ஒண்ணுகூட வேணாம்னுட்டாங்க."

தன் பங்குக் கூழை அவன் ருக்குவுக்குக் கொடுத்தான். அவள் குடித்து முடித்ததும் தாயும் மகளும் திரும்பினார்கள்.

பங்குனி பிறந்ததும் ஒரு தரகன் வந்தான். கடலில் நங்கூரம் போட்டிருந்த கப்பலுக்கு ஆள் பிடிக்கிறவன். கடலுக்கு அப்பால் பத்தாவியா என்று ஒரு ஊர் சொன்னான். போகிறவர் திரும்பி வந்ததாக அந்தக் கரையில் யாருக்கும் நினைவில்லை. அவன் அதை மறைக்கவும் இல்லை. பிள்ளையைக் கொடுத்த வீட்டுக்கு ஒரு மரக்கால் அரிசி அளந்தான். பொன்னியம்மாள் தானும் வருவதாகச் சொன்னாள். அவன் அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வழியிலேயே போயிருவ. வேணாம்" என்றான்.

"அங்க சோறு போடுவாங்களாம்மா?" என்று ருக்கு கேட்டாள்.

"போடுவாங்க."

"தெனமும்?"

"தெனமும் போடுவாங்க."

"அப்ப நான் போறேன்" என்றாள் ருக்கு.

சின்னதம்பி குடிசைக்குள் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தரகனின் ஆட்கள் பிள்ளைகளையும் சில பெரியவர்களையும் காய்ந்த ஏரிப்படுகை வழியாகக் கோட்டைப் பக்கம் நடத்திக் கூட்டிப்போனார்கள். வெயில் ஏறாத நேரம். செக்கச்சிவந்த உமிரிக்கு நடுவே போய்க்கொண்டிருந்த ருக்கு, வழியில் நாரை இறகு ஒன்று கிடக்கவும் குனிந்து எடுத்தாள். அதைத் தூக்கிக் காட்டி ஏதோ கத்தினாள். பொன்னியம்மாளுக்குக் காதில் விழவில்லை. கையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பு மூட்டினாள். தரகன் அளந்தது கப்பலில் வந்த வங்காளத்து அரிசி, பழைய நெடி அடித்தது. கொதி வந்தபோது சின்னதம்பி எழுந்து வந்து அடுப்புப் பக்கம் குந்தினான். கஞ்சி வடியும்வரைகூட அவனால் பொறுக்க முடியவில்லை. அவள் அவனுக்குப் போட்டாள். தனக்கு வேண்டாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கை தானாகப் பானைக்குள் போயிற்று. முதல் வாயை விழுங்கியபோது சோறு ருசியாக இருந்தது. அவள் நிறுத்தாமல் தின்றாள்.