மினுங்கிய நான்கு கோழிகள்

கோழிக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த மூளையை வைத்துக்கொண்டுதான் ஒரு கோழிக்கூட்டத்துக்கே அதிபதியாகக் கிளம்பினேன்.

அறுபதுகளின் கடைசி. அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தேன். டவுனில் பாதிப் பேருக்கு வெள்ளைச் சீமைக்கோழிப் பைத்தியம். அடை உட்காரத் தெரியாத பெட்டை, கூவ வெட்கப்படும் சேவல். அதையும் கோழி என்று கூண்டில் அடைத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்கள். வளர்த்தால் நாட்டுக்கோழிதான் என்று நான் கடையில் உட்கார்ந்து முழங்கினேன். முழங்குவதற்குக் கோழி எதுவும் தேவைப்படவில்லை.

வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. பாலவனத்தத்தில் பிறந்த வீட்டிலிருந்து என் மனைவி கொண்டுவந்த வர்க்கத்தில், கீரிக்குக் கொடுத்தது போக மிஞ்சிய கிழட்டுச் செவலைப் பெட்டை. அது இட்ட முட்டைகளைத் தவிடு போட்ட ஓலைக் கொட்டானில் சேர்த்து, பதினொன்று ஆனதும் ஒரு கூடையில் அடை வைத்தாள். இடி இடித்தால் முட்டை கலங்கிவிடுமாம். அதற்குக் காவலாக ஓர் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, என் கடை வத்தல் ஒன்று.

"இதுக்கு வயசாயிருச்சு. இன்னொரு தடவை அடை உக்காருமோ என்னமோ. இது பொரிச்சாத்தான் எங்க வீட்டு வர்க்கம் நிக்கும்" என்றாள்.

"இது பொரிச்சு, குஞ்சு வளந்து கூட்டமாக ஒரு வருஷம் ஆகுமே? சந்தையில நாலு பிடிச்சா முடிஞ்சது."

"கோழிய மட்டும் சந்தையில வாங்கப்படாதுங்க."

"ஏன், எனக்குச் சரக்குப் பாக்கத் தெரியாதாக்கும்?"

பந்தல்குடிப் பக்கத்துச் சந்தைக்கு பஸ் ஏறினேன். வத்தல் மினுங்கினால் நல்ல சரக்கு. அதே கண்ணால் கோழியையும் பார்த்தேன். எண்ணெய் தடவிய மாதிரி நான்கு பெட்டைகள்.

"மினுக்கத்தப் பாருங்க மொதலாளி! வீட்டுல எடமில்ல, அதான் விக்கிறேன்" என்றார் விற்றவர். அந்த 'மொதலாளி'க்காகவே ஐந்தாவதையும் வாங்கியிருப்பேன். பிடிக்கக் கை இல்லை.

மனைவி நான்கையும் மூங்கில் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து, "குஞ்சு பொரிக்கிற வரைக்கும் தெறக்காதீக" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போனாள்.

செவலை இரை பொறுக்க அடையிலிருந்து இறங்கியது. அது திரும்பி வந்து அடை உட்காருவதைப் புதுசுகளும் பார்த்துக்கொள்ளட்டுமே என்று பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டேன். பள்ளிக்கூடம் நடத்திவிட்ட பெருமையோடு சாப்பிடப் போனேன்.

கை கழுவ வந்தபோது கூடையைச் சுற்றி நான்கும் நின்றன. நான்கு அலகிலும் மஞ்சள். உள்ளே ஓடுகளுக்கு நடுவே ஒரே ஒரு முட்டை. திரும்பி வந்த செவலை அந்த ஈரத்தின் மேலேயே சிறகை விரித்து உட்காரப் பார்த்தது.

சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு அம்மாளின் தலை தெரிந்தது.

"முட்டை போட்டு அடை காக்குற கோழிய எவுக விப்பாக? முட்டை குடிக்கிறதத்தான் சந்தைக்குத் தள்ளுவாக. தெனம் முட்டை குடிச்சா மினுங்காம என்ன செய்யும்!"

மனைவி குடத்தோடு வந்தாள். கூடையைப் பார்த்தாள். அந்த ஒற்றை முட்டையை முந்தானையால் துடைத்து, செவலைக்கு அடியில் வைத்தாள்.

"இதுக்குப் போயி... நாளைக்கே சந்தையில பத்து முட்டை வாங்கியாரேன்" என்றேன்.

"வாங்கியாந்து நீங்களே அடை உக்காருங்க."