முன் சீற்றும் மைக்கும்

கோயில் பங்குச் சனம் பஸ்ஸில் எங்கு போனாலும் முன் சீற்றில் இருந்து, மைக் பிடித்து, செபமாலை தொடங்குவது செல்வமலர்தான். பதினொரு வருட வழக்கம். டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்தே பிரெஞ்சு பழகியவள். போகிற இடங்களுக்குப் போன் எடுத்து விசாரிப்பதும் அவள்தான். இந்தப் பெப்ரவரியில் மலைப்பக்கத்துக் குளியல் விடுதிக்குப் பயணம். நிலத்தடிச் சூட்டிலேயே தண்ணீர் காய்கிற இடம். இம்முறை மைக்கை றெஜினாவிடம் கொடுத்துவிட்டார்கள். ஆற்றுக்கு அக்கரை புரோசார்ட்டிலிருந்து பங்குக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவள்.

“அவளுக்கு நல்ல குரல். நீங்களும் ஒருக்கா ஆறுதலா இருங்கோவன்” என்றார், பயணத்தை ஒழுங்குசெய்த கிறகரி அண்ணை.

ஆறுதலாம். ஆறுதலை யார் கேட்டது என்று பொருமினாள் செல்வமலர்.

நீச்சல் உடுப்பு இல்லாதவர்களைத் தண்ணீருக்குள் விடமாட்டோம் என்று, அவள் முன்கூட்டியே போன் எடுத்தபோது விடுதியில் சொன்னார்கள். செல்வமலர் அதை எல்லாப் பெண்களுக்கும் சொன்னாள். றெஜினாவுக்கு மட்டும் சொல்லவில்லை.

போகும்போது ஏழாம் வரிசையில் இருந்து செபமாலையைக் கேட்டாள். றெஜினாவின் குரலில் ஒரு கீறல்கூட விழவில்லை. அதுதான் பொறுக்கவில்லை.

விடுதியில் றெஜினா பையிலிருந்து பூப்போட்ட நைற்றியை எடுத்தாள். வாசலில் நின்ற பெண் தலையாட்டி மறுத்தாள்.

“முழுக்க மூடினால் கூடாதாம், அரைகுறையா வந்தால் ஓமாமோ?” என்று றெஜினாவே சிரித்தாள். குளிர்க் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே கண்ணாடிச் சுவரோரம் போய் இருந்தாள்.

வெளித் தொட்டியில் மற்றவர்களுக்குச் சுற்றிவரப் பனி, கழுத்துவரை சூடான தண்ணீர். ஆனால் தொட்டிக்குள் கதைக்கக் கூடாதாம். எங்கள் சனம் எவ்வளவு நேரம் தாங்கும்?

“செத்தவீட்டிலயும் கொஞ்சம் கதைக்கலாம்” என்று முணுமுணுத்தபடி அல்போன்சம்மா முதலில் கரையேறினாள். பிறகு ஒவ்வொருத்தராய்ப் போனார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் றெஜினா நடுவில் இருந்து ரோல்ஸ் பலகாரப் பெட்டியைத் திறக்க, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தொட்டிக்குள் செல்வமலர் மட்டும் மிச்சம்.

அவள் வெளியே வந்ததும் றெஜினா தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

“அக்கா, எனக்கு மட்டும் சொல்ல மறந்திட்டியள் என்ன?”

“ஓம்... வேலைக் கரைச்சலில மறந்துபோனன்.”

திரும்பும்போது மைக்கில் றெஜினா சொன்னாள்: “எங்களுக்காகப் பிரெஞ்சில கதைச்சு அலைஞ்ச செல்வமலர் அக்காவுக்காக இந்தச் செபமாலையை ஒப்புக்கொடுப்பம்.”

இந்த நல்லதனத்திலும் தன்னை முந்திவிட்டாளே என்றிருந்தது செல்வமலருக்கு. விரல்கள் வழக்கப்படி செபமாலை மணிகளை எண்ணிக்கொண்டிருந்தன. மூன்றாம் தேவ இரகசியத்தில் பத்துச் செபம் சொல்ல வேண்டிய இடத்தில் றெஜினா ஒன்பதோடு நிறுத்தினாள்.

“இன்னும் ஒண்டு கிடக்கு!” செல்வமலர் எழும்பி நின்று பத்தாவதைத் தானே சொன்னாள். பஸ் முழுக்கப் பதில் சொன்னது.

“ஐயோ, பிழைவிட்டிட்டன். அக்கா, மிச்சத்தை நீங்களே சொல்லுங்கோ.”

மைக் கைமாறிக் கைமாறி ஏழாம் வரிசைக்கு வந்தது. ஆசைப்பட்டது கையில் இருந்தும் செபம் வாயில் வரவில்லை.

“றெஜினா, நான் மறக்கேல்லை. வேணுமெண்டுதான் உமக்குச் சொல்லாமல் விட்டனான்.”

றெஜினா திரும்பிப் பார்த்தாள்.

“தேத்தண்ணி வாங்கேக்கை நீங்கள் என்ர முகத்தைப் பாக்காததிலயே தெரியும் அக்கா. நாலாம் தேவ இரகசியம், தொடங்குங்கோ.”

செல்வமலர் தொடங்கினாள். குரல் கீறியது. பதில் சொன்ன குரல்களில் றெஜினாவுடையதுதான் எல்லாவற்றையும் விடத் தெளிவாகக் கேட்டது. அதுவும் அவளுக்குச் சுட்டது.