கேட்டருளும், கேளுங்கோ

என் கணவரை அடக்கம் செய்த சேமக்காலை முல்லைத்தீவுக் கடற்கரையோரம் இருந்தது. போன மாரியில் கடல் அதன் மதிலை இடித்து, அவருடைய கல்லறையையும் கொண்டுபோய்விட்டது. மரித்தோர் நாளில் மெழுகுதிரியோடு போனவள், கொளுத்த இடமில்லாமல் திரும்பி வந்தேன்.

காலநிலை நீதிக்காக எல்லாக் கோயில்களும் சேர்ந்து செபிக்கிற ஞாயிறு ஒன்று வந்தது. "ஒரு மன்றாட்டை நீங்களே எழுதி வாசியுங்கோ" என்றார் எங்கள் ஃபாதர்.

பூசையில் வாசித்தேன்: "புகை விடுகிற பெரிய நாடுகளே, கடலைச் சூடாக்கினது நாங்களில்லை. எங்கட கல்லறைகளையும் கடல் கொண்டுபோகுது. எங்களுக்குப் பதில் சொல்லுங்கோ."

ஒரு சத்தமும் இல்லை. "ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்" என்று முடித்தால்தான் சனம் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லும். நான் ஆண்டவரிடம் கேட்கவேயில்லை. அத்தனை பேர் முன்னால் அவ்வளவு தனியாக நான் ஒருநாளும் நின்றதில்லை.

கணவரோடு ஒரே வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போன சூசை அண்ணை கடைசி வாங்கிலிருந்து எழும்பினார்.

"எங்கட மன்றாட்டைக் கேளுங்கோ!"

கோயில் முழுவதும் அதையே திருப்பிச் சொன்னது.

ஃபாதர் அந்த மன்றாட்டைக் கொழும்பிலுள்ள அந்தப் பெரிய நாடுகளின் தூதரகங்களுக்கு அனுப்பினார். இன்னும் பதில் இல்லை. ஆண்டவர் பேசாமலிருந்தால் காத்திருக்கப் பழகியிருக்கிறேன். மனிதர் பேசாமலிருந்தால் கோபம் வருகிறது. கணவர் போனபிறகு வீட்டில் நானும் என் அழுகையும் மட்டும்தான் இருந்தோம். இப்போது துணைக்கு இந்தக் கோபமும் இருக்கிறது.