அமுக்கிய கொழுந்து

வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், ஆறு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர் எங்கள் அண்ணன். அவரை அனுப்பிவைத்து ஒரு வருடமாகிறது. நினைவு மலரில் என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். தோட்டப் பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்போடு நின்ற தமிழ் இது. அழுது அழுது அலுத்தும் போனேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேயிலை ஆராய்ச்சி நிலையமொன்றில் கண்ணாடிக் குழாய் கழுவப் போனவர் அண்ணன். கழுவிக்கொண்டே பார்த்தார், பார்த்துக்கொண்டே படித்தார். பத்து வருடத்தில், பட்டம் வாங்கி வந்த பிள்ளைகளுக்கே வேலை பழக்குபவரானார். இலங்கைப் பிரஜாவுரிமை இல்லாததால் அவருடைய வேலை கடைசிவரை தற்காலிகந்தான். அதைப் பற்றி அவர் பேசமாட்டார். நான்தான் பேசுவேன்.

தொழிற்சாலையில் பச்சைக் கொழுந்தைச் சிவக்க வைப்பது அதற்குள்ளேயே இருக்கும் ஒரு புரதமாம். அதைக் கெடாமல் பிரித்தெடுப்பது அண்ணனுடைய பகுதிக்குக் கொடுத்த வேலை. ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கிய மலையில் கொழுந்தெடுக்க, "என் தங்கச்சி கை நல்ல கை" என்று சொல்லி என்னைக் கேட்டு வாங்கினார்.

ஒரு வருடம் போயும் புரதம் கிடைக்கவில்லை. அடுத்த மழைக்குள் கிடைக்காவிட்டால் பகுதியை மூடிவிடுவதாக நிலையத்துத் துரை சொல்லிவிட்டார். வேலை பழகும் பிள்ளைகள்மேல் குற்றம் வந்தபோது அண்ணன் எழுந்து, "அவங்க மேல தப்பில்லைங்க. என் கையிலதான் எங்கயோ பிழை" என்றாராம்.

ஒருநாள் காலையில் மலைக்கு வந்து, நான் கொழுந்தெடுப்பதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் பனிக்கட்டி நிரப்பிய தகரப் பெட்டியோடு வந்தார்.

"கூடையில போடாதம்மா. நேரா இதுல போடு."

"நெஞ்சுச் சளியோட இந்தப் பனியில எதுக்குண்ணே வர்றீங்க? நான் கொண்டாந்து தர மாட்டேனா?"

"காலையில நடந்தா ஒடம்புக்கு நல்லதும்மா."

இருமிக்கொண்டே சொன்னார். நான் ஏசாத நாளில்லை. மழைக்கு முன்பே புரதம் கிடைத்தது. அதைப் பற்றிய கட்டுரையில் பிள்ளைகளின் பெயர்களை முன்னால் போட்டு, தன் பெயரைக் கடைசியில் வைத்தார். நான்கு வருடம் அந்தப் பெட்டியோடு மலை ஏறினார். பிறகு நெஞ்சு நோயில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

கருமாதியன்று பாரூக் தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஹட்டன் கடை முதலாளியின் மகன், அண்ணனிடம் வேலை பழகியவர். "அந்தப் பெட்டிய எதுக்குத் தம்பி அண்ணன் சொமந்தாரு?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நீங்க கூடையில கொழுந்த அமுக்குவீங்கக்கா. கசங்குனா தொவர்ப்பு வந்து புரதத்தக் கவ்விக்கும். அப்புறம் ஐஸ்ல வச்சாலும் கெடைக்காது. தங்கச்சிகிட்ட யாரும் மூச்சு விடக்கூடாதுன்னு சார் எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

ஆமாம், அமுக்கினேன். கொழுந்தெடுக்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். கங்காணி ஏசினாலும் கை கேட்காது. அண்ணன் வேலைக்குக் கொழுந்து குறைந்துவிடக் கூடாதே என்று, அவருக்கான கூடையை மட்டும் இன்னும் இரண்டு அமுக்கு சேர்த்து அமுக்கினேன்.

அண்ணனைத் தோளில் சுமந்த தோட்டத்து மக்களுக்கும், கடையைப் பூட்டிவிட்டு வந்து கூட நின்ற பாரூக் தம்பியின் தகப்பனாருக்கும், கல்யாணமே செய்துகொள்ளாத அவருக்குக் கடைசி வாரங்களில் முறைவைத்துக் கஞ்சி ஊட்டிய அவருடைய பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

அண்ணனுக்குச் சொல்ல எனக்கு வாயில்லை. இன்றும் அதே மலையில்தான் கொழுந்தெடுக்கிறேன். கூடை நிறைந்ததும் கை தானாக அமுக்கப் போகிறது. கையை எடுத்துவிடுகிறேன்.