சரி என்று தட்டிய ரிவெட்

தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ரிவெட் ஆணியை அடிக்க இரண்டு பேர் வேண்டும். நான் வியட்நாமில், பென் தானிலிருந்து மெட்ரோ பிடித்து தூ டுக்கில் பொறியாளராக வேலைக்குப் போன காலத்தில், எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். விமானத் தகட்டுக்குப் பின்பக்கம், அது வளையாமல் தாங்கும் பட்டைகள் வைத்து, அழுத்திப் பார்ப்பதற்கென்றே பேனல் செய்வோம். முன்னால் நின்று காற்றுச் சுத்தியலால் அடிப்பவள் புதிதாகச் சேர்ந்த வியட்நாமியப் பெண். பின்னால் இரும்புக் கட்டியை முட்டுக் கொடுத்துப் பிடிப்பது நான். சுமைக் கணக்குப் போட்ட பொறியாளரே கட்டியும் பிடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். நடுவில் தகடு இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. இரைச்சலில் பேச்சும் எடுபடாது. கட்டியால் தட்டித்தான் சொல்வேன். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு என்றால் சரி. மூன்று என்றால் கெட்டுப்போச்சு, கழற்று.

அன்று நாங்கள் அடித்த பேனல் சுமை தாங்கினால் அவளுக்கு வேலை நிரந்தரம். காலையிலிருந்து பத்து தடவையாவது சொல்லியிருப்பாள்.

கடைசி வரிசையில் எனக்குக் கை கடுத்தது. பசி வேறு. பசித்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு ரிவெட்டில் கட்டி வழுக்கி, நேராக நசுங்க வேண்டிய முனை கோணலாகப் போய்விட்டது. மூன்று தட்டியிருக்க வேண்டும். கழற்றி மறுபடி அடிக்க யாருக்குப் பொறுமை? நூற்றில் ஒன்றுதானே என்று இரண்டு தட்டினேன். பட்டையின் மடிப்புக்குள் இருந்ததால் பரிசோதித்தவர் கண்ணிலும் அது படவில்லை.

ஒரு ரிவெட் பிடி விட்டால் அந்த இடத்தில் ரிவெட்டுக்கும் ரிவெட்டுக்கும் உள்ள இடைவெளி இரட்டிப்பாகும். கால்வாசிச் சுமையிலேயே தகடு புடைத்துவிடும். அந்தக் கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்ட மகராசியே நான்தான்.

மறுநாள் அழுத்தம் ஏற்றினோம். பட்டைகளுக்கு நடுவே தகடு அலையலையாக நெளிந்தது. அதில் தப்பில்லை, மிச்சத்தைப் பட்டைகள் தாங்கும். ஆனால் என் ரிவெட் தாங்கவில்லை. அங்கே தகடு பட்டையை விட்டு உப்பியது. பக்கத்து ரிவெட்டுகளும் பிய்ந்து, வேண்டிய சுமைக்கு வெகு முன்பே பேனல் மடங்கிவிட்டது.

"இதை அடிச்சது யாரு?" என்று மேலாளர் கேட்டார். அவள் தலையைக் குனிந்தபடி கையை உயர்த்தினாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"அவ சரியாத்தான் அடிச்சா. கட்டி வழுக்கினது தெரிஞ்சும் சரின்னு தட்டினது நான்," என்றேன்.

நன்றாகத் திட்டினார், நியாயமான திட்டு. அவளுக்கு இன்னொரு பேனல் கொடுத்து, கட்டி பிடிக்க வேறு ஆளை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மேலாளரிடம் சொன்னாள்: "வேண்டாம் சார், அக்காவே பிடிக்கட்டும். வேற ஆளு தப்பாத் தட்டினா, அக்கா மாதிரி யாரு ஒத்துக்குவா?"