அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்த கச்சிராயபாளையத்துக்காரர்

அரசாங்கக் கடன் பத்திரம் விற்கிறவனுக்கு வெங்காய விலை, கச்சா எண்ணெய் விலை, டாலர் விலை மூன்றும் தினம் காலையில் தெரிந்தாக வேண்டும். நான் ஏஜெண்டாக உட்கார்ந்தபோது எனக்குத் தெரிந்தது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு டீ விலை மட்டும். வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டே தொழில் கற்றவர்களே, என் கதை உங்களுக்குப் புரியும்.

ஜாமீன்

முருகேசன் கச்சிராயபாளையத்துக் கரும்பு விவசாயி. ரோடு போட நிலம் எடுத்ததில் வந்த நஷ்டஈடு கையில் இருந்தது. இரண்டு வருஷத்தில் மகள் கவிதாவை நர்சிங் சேர்க்க அந்தப் பணம் வேண்டும் என்றார். நான் பத்து வருஷப் பத்திரத்தைக் காட்டினேன். நடுவில் எப்போது வேண்டுமானாலும் விற்கலாம், கடன் வாங்குவது அரசாங்கமே, பயமே இல்லை என்று அடித்துவிட்டேன். செக்கில் கையெழுத்துப் போட்டபடியே அவர் கேட்டார்.

"சொசைட்டியில நான் லோன் கேட்டா ரெண்டு ஜாமீன் கேக்கறாங்க. கவர்மெண்டுக்கு ஜாமீன் கையெழுத்து யாருங்க போடறது?"

மிக்சர்

அடுத்த வருஷம் எண்ணெய் விலை ஏறி, விலைவாசியும் ஏறி, அதை அடக்க வட்டியை ஏற்றினார்கள். அன்று சாயங்காலமே முருகேசன் கால் கிலோ மிக்சரோடு வந்து நின்றார். தன் பத்திரத்துக்கும் வட்டி கூடிவிட்டதாம். புதுப் பத்திரத்துக்குத்தான் கூடும், அதிக வட்டியில் புதுசு கிடைக்கும்போது உங்கள் பழசை யாரும் முழு விலைக்கு வாங்க மாட்டார்கள் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். பிரித்த பொட்டலத்தை அவர் மறுபடியும் கட்டினார்.

"கரும்புக்கு வெல ஏத்துனா வயல்ல நிக்கற கரும்புக்கும் சேத்துதானே குடுக்கறாங்க? இது இன்னாங்க நியாயம்?"

கிளம்பிப் போனவர்கள்

சில மாதத்தில் பத்திரத்தின் விலை இன்னும் இறங்கியது. அமெரிக்காவில் வட்டி ஏறியதும், வெளிநாட்டுக்காரர்கள் நம் பத்திரங்களை விற்று டாலராக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்; ரூபாயும் சரிந்தது. முருகேசனுக்குப் போனில் விளக்கினேன்.

"அவனுங்க இதெல்லாம் வாங்கி வெச்சிருந்தானுங்கன்னே எனக்குத் தெரியாது. போறப்ப ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்லங்க?"

மேகம்

மழை நன்றாகப் பெய்தால் காய்கறி விலை இறங்கும், விலைவாசி அடங்கும், வட்டி குறையும், பத்திரம் பழையபடி ஏறும் என்று ஆறுதலுக்குச் சொல்லி வைத்தேன். அதிலிருந்து தினமும் காலையில் போன். கரும்புக்காகக்கூட மனிதர் அப்படி வானத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

"மல மேல மேகம் கட்டிக்கினு வருதுங்க. பத்திரத்துக்கு இது போதுமா, இன்னும் ஜாஸ்தி பேயணுமா?"

பீஸ்

மழை பெய்தது, வட்டி அசையவில்லை. கவிதாவை நர்சிங் சேர்க்கும் நாள் வந்துவிட்டதால், வேறு வழியில்லாமல் பத்திரத்தை விற்றோம். பீஸுக்கு எட்டாயிரம் குறைந்தது. மறுநாள் கட்டாவிட்டால் கவிதாவின் சீட்டு போய்விடும். அப்பாவும் மகளும் எதிரே உட்கார்ந்திருக்க, நான் எண்ணெய், டாலர், அமெரிக்கா என்று ஆரம்பித்தேன். கவிதா முழுக்கக் கேட்டாள். பிறகு, "ரெண்டு வருஷத்துல பணம் வேணும்னு அப்பா மொதல்லயே சொன்னாருல்லங்க சார்?" என்றாள்.

சொன்னார்தான். பத்து வருஷப் பத்திரத்தில் எனக்குக் கமிஷன் அதிகம். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளிடம் அதை ஒப்புக்கொண்டு, என் பணம் எட்டாயிரத்தை எடுத்து நீட்டினேன். முருகேசன் வாணாங்க, வாணாங்க என்று பதறினார். கவிதா கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"நீ சும்மா இருப்பா. சார் தெரிஞ்சுதான் குடுக்கறாரு."

வளரும் நாடுகளின் பத்திரச் சந்தையை ஆட்டிவைக்கும் காரணங்கள் எத்தனையோ உண்டு என்கிறார்கள். கள்ளக்குறிச்சியில் கூடுதலாக ஒரு காரணம் இருந்தது, அது நான்.